சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று

மேற்கு மலையில் சாரல் இறங்கி, மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி எட்டிவிட்டால், அச்சன்புதூர் வட்டாரத்து வயல்காரர்களுக்கு இருப்புக்கொள்ளாது. உழவுக்கு ஆள், வரப்புக்கு ஆள், நடவுக்கு ஆள் என்று ஓட்டமும் நடையுமாகத் திரிவார்கள். அத்தகைய ஒரு கார்ப் பருவத்துக் காலையில் நடக்கக்கூடிய பேச்சு ஒன்றைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம்.

வெளியூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தந்தையின் நிலத்தைக் கவனிக்க ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், நடவுக்கு ஆள் கூட்டி வரும் பெண்மணியின் வீட்டு வாசலில் நிற்கிறார்.

"யக்கா, நாளைக்கு நம்ம வயல்ல நடவு. பன்னிரண்டு ஆள் வேணும். வந்துருவியளா?"

"பாப்போம் தம்பி."

"சரிக்கா."

மறுநாள் ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறிற்று, பறித்து வைத்த நாற்று முடிச்சுகள் வரப்பில் வாடின. இளைஞர் கொதித்துப் போனார். தெருவில் நாலு பேர் பார்க்க அந்த அம்மையாரை வழிமறித்து, "வாரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டியே, நீ எல்லாம் ஒரு பெரிய மனுஷியா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து தந்தையிடம் முறையிட்டபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாப்போம்னா சொன்னா? அப்படின்னா வரலைன்னுல்லா அர்த்தம்!"

ஆம். அந்த அம்மையார் வேறொரு வயலுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். பல காலம் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை வாசல் தேடி வந்து கேட்கும்போது, முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. "பாப்போம்" என்றால் புரிந்துகொள்வான் என்று நம்பினார். அவரோ அதை வாக்குறுதியாகக் கேட்டுக்கொண்டார். பொய் சொன்னவர் எவருமில்லை. ஏமாற்ற நினைத்தவரும் இல்லை. ஆயினும், வரும் பிசானத்துக்கும் அந்தப் பெண்கள் அந்த வயலில் கால் வைக்கப் போவதில்லை. நாற்று போனால் மறுபடி விதைக்கலாம். ஒரு தலைமுறையாக வந்த பழக்கத்தை எங்கே போய் விதைப்பது?

நம் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் உறவுகள் முறிவதை உற்று நோக்கினால், கெட்ட மனத்தினால் முறிபவை சிலவே என்பது தெரியும். பேசும் முறை வேறுபட்டதனால் முறிபவையே பல. ஒருவருடைய முறையை நாம் அவருடைய மனம் என்று எண்ணிவிடுகிறோம். சுருங்கப் பேசுபவரை அகந்தை உள்ளவர் என்கிறோம். சுற்றி வளைப்பவரைக் கள்ளம் உள்ளவர் என்கிறோம். உரக்கப் பேசுபவரைச் சண்டைக்காரர் என்கிறோம். இந்தத் தவற்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

இலக்கணம் அறிந்த உண்மை

எதையும் நேரே போட்டு உடைத்துவிடாமல் சொல்வதைத் தமிழ் இலக்கணமே ஓர் ஒழுங்காக ஏற்றுக்கொண்டுள்ளது. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. இறந்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பது இரண்டாவது. பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்று குறிப்பதுபோல, ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விளங்கும்படி பேசுவது மூன்றாவது. இன்றும் விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்லாமல் "அமர்த்து" என்னும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். "பாப்போம்" என்ற அந்த அம்மையாரும் இந்த மரபின் மகளே.

ஆனால், மரபு தெரிந்தவரிடையே பண்பாக இருப்பது, தெரியாதவரிடம் புதிராகிவிடுகிறது. இதில் குழூஉக்குறியின் கதை இன்னும் கடினமானது. மருத்துவமனையில் சோதனை முடிவைப் பார்த்து 'பாசிட்டிவ்' என்கிறார்கள். நோய் இருக்கிறது என்பது சொன்னவரின் பொருள். நல்ல செய்தி என்று கேட்டவர் மகிழ்ந்து வீடு திரும்பினால், அவரைக் குறை கூற முடியுமா? ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'பறி' உண்டு. தன் கூட்டத்துக்கு வெளியே பேசுகிறோம் என்ற நினைவு சொல்பவருக்கு இருந்தாலே போதும், பாதித் துன்பம் குறையும்.

இன்னும் ஒன்று: விளிக்கும் முறை. பாடப்புத்தகத்தில் 'நீ' ஒருமை, 'நீங்கள்' பன்மை, அவ்வளவுதான். நெல்லைச் சீமையிலோ இவ்விரண்டுக்கும் நடுவே 'நீர்' உயிரோடு உலவுகிறது. "வாரும்", "இரும்", "என்னவே சொல்லுதீரு" என்பவற்றில் மதிப்பும் உண்டு, உரிமையும் உண்டு. பிற மாவட்டத்தார் சிலருக்கு இதுவே பழைய நாடக வசனம் போலவும், கேலி போலவும் ஒலிக்கிறது. "ஏலே" என்பது தோழனின் வாயில் தேன். அதே சொல் மேலாளர் வாயிலிருந்து பணியாளர் மேல் விழும்போது கல். நம் கற்பனை இளைஞர், வந்த அன்று "வந்துருவியளா" என்று மதிப்பாகக் கேட்டவர், மறுநாள் தெருவில் "நீ" என்று இறங்கினார் அல்லவா? நடவு தவறியதை அந்த அம்மையார் மறப்பார். அந்த ஒற்றை எழுத்தை மறக்கமாட்டார்.

வீட்டுக்குள் இரண்டு தமிழ்

கொங்கு நாட்டில் பிறந்த ஒரு பெண், தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பிறந்த வீட்டில் சிறு குழந்தையையும் "வாங்க, சாப்பிடுங்க" என்றே அழைப்பார்கள். இங்கே மாமியார், "ஏட்டி, இங்கன வா" என்கிறார். மகளை அழைப்பதுபோல மருமகளையும் அழைத்த மகிழ்ச்சி மாமியாருக்கு. தன்னை வேலைக்காரியாக எண்ணிவிட்டார்கள் என்ற கலக்கம் மருமகளுக்கு. அவள் பதிலுக்குச் சொல்லும் "சரிங்க அத்தை, செய்றேனுங்க" என்பது மாமியாரின் காதில் எப்படி விழுகிறது? "இவள் நம்மோடு ஒட்டமாட்டாள் போலிருக்கிறதே, விருந்தாளி மாதிரி பேசுகிறாளே!" இருவரும் தத்தம் ஊரின் அன்பைத்தான் பரிமாறினார்கள். இருவருக்கும் அது கசந்தது.

கணவன் மனைவியிடையே வேறொரு விதமான பிசகு நேர்கிறது. "காலையிலிருந்து உட்காரக்கூட நேரமில்லை" என்கிறாள் மனைவி. "அப்படியானால் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்" என்கிறார் கணவர். அவள் முகம் சுருங்குகிறது. ஒரு வழியைச் சொன்னதற்கு ஏன் இந்தக் கோபம் என்று அவர் திகைக்கிறார். அவள் கேட்டது வழியன்று. "ஆமாம், பாவம், களைத்துப் போனாய்" என்ற ஒரு சொல். மொழியியல் அறிஞர் டெபோரா டானன் 1990-ல் வெளியிட்ட நூலொன்றில் இப்படிப்பட்ட உரையாடல்களை விரிவாக ஆராய்ந்தார். பெண்கள் பலர் பேச்சை உறவைப் பேணும் வழியாகவும், ஆண்கள் பலர் செய்தி சொல்லவும் சிக்கலைத் தீர்க்கவும் உதவும் கருவியாகவும் கையாளுகின்றனர் என்பது அவர் கருத்து. எல்லா ஆண்களும் பெண்களும் அப்படியே என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால், "எனக்கு இப்போது யோசனை வேண்டுமா, ஆறுதல் வேண்டுமா" என்று கேட்பவரைத் தெளிவாக்கிவிட்டுப் பேசுவது எந்த வீட்டிலும் நன்மையே தரும்.

திருவள்ளுவர் இதை எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார் என்பதற்குத் திருக்குறளின் அமைப்பே சான்று. 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் அவர் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில், 71-ஆம் அதிகாரம். அரசனின் உள்ளக் கருத்தை முகம் பார்த்து அறியும் அமைச்சருக்கு உரியது. மற்றது காமத்துப்பாலில், 110-ஆம் அதிகாரம். தலைவியின் பார்வையைப் படிக்கும் தலைவனுக்கு உரியது. வேலைக்கும் இல்லத்துக்கும் ஒரே பெயரில் ஒரே பாடம்! ஆனால், ஒன்றை மறந்துவிடக்கூடாது. 65-ஆம் அதிகாரமாகச் 'சொல்வன்மை'யையும் அவரே வைத்தார். கேட்பவர் குறிப்பறிய வேண்டும் என்றவர், சொல்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து அவரை விடுவிக்கவில்லை.

இன்று பல குடும்பங்களில் கணவர் கேரளத்திலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார். முகம் தெரியாத இடத்தில் குறிப்பறிவது எங்ஙனம்? குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வந்து புகழ்பெற்றன. எதிரே அமர்ந்து பேசுவதுபோலவே அவர் எழுதினார். அதனால் எழுத்தில் அவருடைய குரல் கேட்டது. நம் கைப்பேசிச் செய்திகளில் அந்தக் குரல் எங்கே? 'சரி' என்ற இரண்டு எழுத்து வருகிறது. அது சம்மதமா, சலிப்பா, கோபமா? பெறுபவர் தம் அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஒரு குரலை அதற்குப் பூட்டிவிடுகிறார். வருந்தத்தக்க செய்தியையும் மனத்தாங்கலையும் எழுத்தில் அனுப்பாமல் குரலில் பேசிவிடுவது நல்லது.

மதுரையில் பிரிந்த இருவர்

பேசும் முறையின் வேறுபாடு எத்தனை பெரியவர்களையும் பிரிக்கவல்லது என்பதற்குத் தமிழகத் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. அதை நாம் சற்று விரிவாகவே நினைவுகூரலாம்.

1606 நவம்பரில், இத்தாலிய உயர்குடியில் 1577-ல் பிறந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய 1595 முதலே மற்றொரு இயேசு சபைக் குரு தங்கியிருந்தார். அவர் பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்ச்சுக்கீசியர், துறவறம் பூணுமுன் போர்வீரராக இருந்தவர், நொபிலியைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தவர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்து போன பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்ச்சுக்கீசியரையும் அவர் கவனித்து வந்தார். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் மதுரை மக்களிடையே அவர் பணி வேரூன்றவில்லை.

காரணம் என்ன என்று தேடிய நொபிலிக்கு ஒரு சொல் தட்டுப்பட்டது: 'பரங்கி'. கிறிஸ்தவராக விரும்புகிறாயா என்ற கேள்வியை, பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்றே அந்நாளில் தமிழாக்கி வந்தார்கள். கேட்டவர்கள் காதில் அது விசுவாசத்துக்கு அழைப்பாக விழவில்லை. தன் இனத்தையும் பழக்கவழக்கத்தையும் விட்டுவிட்டு அந்நியர் கூட்டத்தில் போய்ச் சேரும் அழைப்பாக விழுந்தது. சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று. நொபிலி காவியுடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டுத் தனியே குடியேறினார், தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். மக்கள் அவரிடம் வந்தார்கள். தத்துவ போதகர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

ஆனால், அந்த அறிவிப்பு முதியவரின் காதில் எப்படி ஒலித்திருக்கும்? ஊர் மக்களிடம் பேசும் முறையை அத்தனை நுட்பமாகக் கண்டறிந்த நொபிலி, ஒரே சபையைச் சேர்ந்த தோழரிடம் பேசும் முறையைக் கண்டறிந்தாரா என்பதுதான் நம் கேள்வி. "நான் பரங்கி அல்லன்" என்பது ஊருக்குச் சொன்ன விளக்கம். பெர்னாண்டஸுக்கோ அது, "நீர் பரங்கி; உம்மோடு எனக்கு உறவில்லை" என்று கேட்டிருக்க வேண்டும். 1610-ல் அவர் மேலிடத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினார். நொபிலியும் அதே ஆண்டில் எழுத்து மூலம் மறுமொழி அளித்தார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் நொபிலியின் பக்கம் நின்றார். 1619-ல் கோவாவில் கூடிய மாநாட்டில் எதிர்ப்புப் பலமாக இருந்தது. முடிவில், 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், தகுந்த நிபந்தனைகளோடு நொபிலியின் வழிக்கு இசைவு தந்தார். அந்தச் செய்தியைக் கேட்கப் பெர்னாண்டஸ் உயிரோடு இல்லை.

நொபிலியின் வழி சாதிப் பிரிவினைக்கு இடங்கொடுத்தது என்ற குறையை அன்று முதல் இன்றுவரை கூறுவோர் உண்டு. அது தனியே ஆராயத்தக்கது. நாம் இங்குக் காண்பது வேறு. இருவரும் உண்மையான துறவிகள். இருவருக்கும் நோக்கம் ஒன்றே. ஒரே நகரில் வாழ்ந்த அவர்கள் வழக்கு கொச்சிக்கும் கோவாவுக்கும் உரோமைக்கும் பயணம் செய்தது. போர்வீரரின் ஒளிவுமறைவற்ற பேச்சு ஒருபுறம். கற்றவரின் நுட்பமான வாதம் மறுபுறம். ஒவ்வொருவரும் மற்றவரின் முறையைத் தம்மீது சுமத்தப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டனர். கடிதம் ஏறப் புறப்பட்ட பிறகு, திண்ணைப் பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. இன்றும் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் இதுதானே நடக்கிறது? அடுத்த மேசையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேலிடத்துக்கு மனு எழுதுகிறோம்.

அடக்கமும் ஆபத்தாகும்

இதுவரை சொன்னதிலிருந்து, எப்போதும் பக்குவமாகச் சுற்றி வளைத்துப் பேசுவதே நன்று என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சில இடங்களில் அந்தப் பக்குவமே உயிரைக் குடித்துவிடும்.

1977 மார்ச் 27-ஆம் நாள் கானரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபே விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர். மூடுபனி, வானொலிச் செய்திகள் ஒரே நேரத்தில் குறுக்கிட்டது எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பொருளைத் தொடுகிறது. மேலெழும்ப ஓடத் தொடங்கிய டச்சு விமானத்தில் இருந்த பொறியாளர், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்ற ஐயத்தைக் கேள்வியாகவே எழுப்பினார். தலைமை விமானி அந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற பயிற்சியாளர். விலகிவிட்டது என்று அவர் அழுத்தமாகச் சொல்லவே, பேச்சு அத்துடன் நின்றது. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. மூத்தவர் முன் இளையவர் காட்டிய அடக்கம் அது. நம் ஊரில் நற்குணம் என்று போற்றப்படும் அதே அடக்கம்.

இந்த விபத்தும் இதையொத்த வேறு விபத்துகளும் தந்த பாடத்தால், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1979-ல் ஒரு கருத்தரங்கம் கூட்டியது. அதிலிருந்து வளர்ந்த பயிற்சி இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அளிக்கப்படுகிறது. இளையவர் ஐயத்தைத் தெளிவான சொல்லில் எழுப்ப வேண்டும்; மூத்தவர் அதைக் கேட்டு நிற்க வேண்டும். இதுவே அதன் சாரம்.

நம் தொழிற்கூடங்களில் ஒரு பொறி பழுதுபட்டிருப்பதைப் பார்த்த தொழிலாளி, "அண்ணாச்சி, சத்தம் கொஞ்சம் மாதிரியா இருக்கே" என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லையா? மருத்துவமனையில் மருந்தின் அளவில் ஐயம் கொண்ட இளம் செவிலி, கேட்டால் வசை விழுமே என்று வாய் மூடுவதில்லையா? இவர்களைக் கோழைகள் என்பது எளிது. அவர்கள் வாயை மூடிய கை யாருடையது என்று கேட்பதே நேர்மை. முன்னொரு நாள் கேள்வி கேட்டவரை நாலு பேர் முன் அவமதித்த மேலாளர், அன்றோடு நூறு எச்சரிக்கைகளை இழந்துவிட்டார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, திருப்பிக் கேட்டல். "பாப்போம்" என்று பதில் வந்ததும், "யக்கா, நாளைக்கு வேற வயலுக்குச் சொல்லியிருக்கியளோ? அப்படின்னா நான் வேற ஆள் பாக்கட்டுமா?" என்று அந்த இளைஞர் கேட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லும் சுமையை அவர் அந்த அம்மையாரின் தோளிலிருந்து இறக்கி வைத்திருப்பார். மென்மையாகப் பேசுபவர் உண்மையைச் சொல்ல வழிவிடுவது கேட்பவரின் கடமை.

இரண்டாவது, பிழைக்கும் சேதத்துக்கும் இடமுள்ள செய்தியை மறைத்துச் சொல்லாதிருத்தல். பணம், நேரம், உடல்நலம், பிறர் உழைப்பு ஆகியவை சம்பந்தப்பட்ட இடத்தில், "வர இயலாது, மன்னிக்க வேண்டும்" என்ற தெளிவே மரியாதை. இனிய சொல் தெளிவுக்குப் பகையன்று. "முடியாது தம்பி, மனசு கஷ்டமாத்தான் இருக்கு, மறுநாள் வாரோம்" என்பதில் இரண்டும் இருக்கின்றன.

மூன்றாவது, நம் முறையை நாமே அறிவித்தல். "எங்கள் ஊரில் இப்படித்தான் கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ளாதே" என்று முதல் வாரத்திலேயே மாமியார் சொல்லிவிட்டால் போதும். "அப்பா சத்தமாகப் பேசுவார், அது கோபமன்று" என்று கணவர் முன்கூட்டிச் சொல்லலாம். பல ஆண்டுப் புழுக்கத்தை ஒரு வாக்கியம் தடுத்துவிடும்.

நான்காவது, பெரியவர்கள் வாயிலைத் திறந்து வைத்தல். வீட்டிலும் வேலையிலும் அதிகாரம் உள்ளவரே முதலில் இறங்கி வர வேண்டும். "நான் சொன்னதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்வதோடு நில்லாமல், சொன்னவருக்கு நன்றியும் கூற வேண்டும். தெருவில் கண்டிப்பதும் திண்ணையில் கேட்பதும் ஒரே பொருளுடையவை அல்ல.

மீண்டும் அச்சன்புதூர் வயலுக்கு வருவோம். அந்தத் தந்தை மகனைக் கடிந்துகொண்டதோடு நிற்கவில்லை என்று நம் கற்பனையை முடிப்போம். மாலையில் மகனையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுக்குச் செல்கிறார். மகன் தலை குனிந்து, "யக்கா, நீங்க சொன்னது எனக்கு வெளங்கல. தெருவுல அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்கிறார். சற்று நேரம் அமைதி. பிறகு அந்த அம்மையாரும், "நானும் வரலைன்னு வெட்டுனாப்ல சொல்லியிருக்கணும், தம்பி" என்கிறார்.

இரண்டு பேரும் தங்கள் பழக்கத்திலிருந்து ஓரடி விலகி வந்த இடம் அது. அணைத் தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேர, மடையைத் திறக்க ஒரு கை வேண்டும். நல்ல மனம் பிறருக்குப் போய்ச் சேரவும் அப்படி ஒரு கை வேண்டியிருக்கிறது. இன்று மாலை நம் வீட்டில் எவரேனும் "சரி" என்று சொல்லி முகம் திருப்பினால், அந்தச் சொல்லோடு விட்டுவிடாமல் அருகில் அமர்ந்து கேட்போம்: "நீ சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்ததா?"